அப்கிரேடுக்குப் பின் ரெய்டு எழும்பவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

லினக்ஸ் சர்வரை அப்கிரேடு செய்து ரீபூட் கொடுத்ததும் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் அமைப்பு) எழும்பாவிட்டால், டிஸ்க் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. ரெய்டில் இருக்கும் தரவு கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதைக் கோத்து எழுப்புகிற கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கருவி, பூட் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ், கர்னலை ஏற்றும் கிரப் ஆகியவைதான் மாறியிருக்கும். இன்னொரு வகையும் உண்டு: பல மாதங்களுக்கு முன்பே ஒரு டிஸ்க் கழன்றிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ரீபூட்தான் அதை வெளியே கொண்டுவந்திருக்கும். எந்த வகை என்று தெரியும்வரை டிஸ்க்கில் ஒரு பைட்டும் எழுதக் கூடாது. ரெய்டில் தரவு இழந்தவர்களில் பலர் இழந்தது பழுதால் அல்ல, பழுதைச் சரிசெய்யப் போய்.

கட்டளைகள் இங்கே ஒலிப்புப்படி எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்கவும். டெபியன், உபுண்டு வழக்கப்படி எழுதியது. ரெட் ஹேட் வழி வந்தவற்றில் அமைப்புக் கோப்பு /எட்க்/எம்டிஆட்ம்.கான்ஃப் என்று நேரடியாக இருக்கும். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளைக்குப் பதில் டிராகட் --ஃபோர்ஸ் --ரீஜெனரேட்-ஆல் என்று அடிக்க வேண்டும்.

தொடுவதற்கு முன்

ஒரு யுஎஸ்பி டிரைவில், அதாவது ரெய்டுக்கு வெளியே, இவற்றின் வெளியீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள்: கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட், எல்எஸ்பிஎல்கே -எஃப், டிமெசேஜ் (கர்னல் செய்திகள்; அடிக்கும்போது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள்), ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட்சிடிஎல் -எக்ஸ். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு உறுப்புப் பார்ட்டிஷனுக்கும் எம்டிஆட்ம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டிபி1 என்ற வரிசையில் கிடைக்கும் வெளியீடு. மெட்டாடேட்டா பதிப்பு, சங்க் அளவு (தரவை வெட்டும் துண்டின் அளவு), லேஅவுட் (துண்டுகளை அடுக்கும் முறை), டேட்டா ஆஃப்செட் (தரவு தொடங்கும் இடம்), எந்த டிஸ்க் எத்தனையாவது இடம் என எல்லாம் அதில் இருக்கும். நிலைமை மோசமானால் மீட்புக்கு இருக்கும் ஒரே வரைபடம் அதுதான்.

விவரம் தெரியும்வரை தொடக்கூடாதவை மூன்று: எம்டிஆட்ம் --கிரியேட், --ஜீரோ-சூப்பர்பிளாக் (சூப்பர்பிளாக் என்பது ஒவ்வொரு உறுப்பிலும் ரெய்டின் விவரம் பதிந்த பகுதி), எழுதும் உரிமையோடு ஓடும் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் கருவி).

அறிகுறி: பூட் பாதியில் நின்று, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு ஷெல் வருகிறது

"அலர்ட்! யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்ற வரி மேலே இருக்கும் (யூயூஐடி என்பது தனி அடையாள எண்). ரூட் கோப்பு முறைமை இருக்கும் ரெய்டு அந்த நேரத்துக்குள் எழும்பவில்லை என்று பொருள்.

கேட் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ் அடித்து டிஸ்க்குகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் சிக்கல் ரெய்டில் இல்லை, கன்ட்ரோலர் டிரைவரில். கீழே அதற்கான பகுதிக்குப் போங்கள். தெரிந்தால் கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட். அதன் முதல் வரியில் பெர்சனாலிட்டீஸ் என்பதற்குப் பின் வெறுமையாக இருந்தால் மாடியூல் ஏறவில்லை: மாட்ப்ரோப் ரெய்டு1, அல்லது 5, 6 என்றால் மாட்ப்ரோப் ரெய்டு456. பிறகு எம்டிஆட்ம் --அசெம்பிள் --ஸ்கேன். ரெய்டின் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் அடுக்கு) இருந்தால் எல்விஎம் விஜிசேஞ்ச் -ஏஒய். கடைசியில் எக்ஸிட். அநேகமாக பூட் தொடரும்.

தொடர்ந்துவிட்டது என்று விட்டுவிட்டால் அடுத்த ரீபூட்டில் இதே கதைதான். காரணத்தைத் தேட வேண்டும். முதலில் டிஎஃப் -ஹெச் /பூட். அப்கிரேடில் /பூட் நிரம்பி, புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதப்படாமல் போவது மிகச் சாதாரணம். நூறு வரி செய்திகளுக்கு நடுவே "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்ற ஒரு வரி ஓடிப் போயிருக்கும். பழைய கர்னல்களை ஆப்ட் ஆட்டோரிமூவ் கொண்டு நீக்கி இடம் உண்டாக்கிய பின் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல். எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொண்டு புதிய பிம்பத்தைத் திறந்து, எம்டிஆட்ம் கருவியும் எம்டிஆட்ம்.கான்ஃப் கோப்பும் உள்ளே இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே ரீபூட்.

அந்தச் சிறு ஷெல்லில் எம்டிஆட்ம் கட்டளையே இல்லை என்றால், கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே போக முயலுங்கள். அதுவும் நடக்காவிட்டால் லைவ் யுஎஸ்பி வழிதான்: ரெய்டை அசெம்பிள் செய்து, ரூட்டை /எம்என்டியில் மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் மவுன்ட் செய்து, சிஎச்ரூட் (அந்த ரூட்டுக்குள் நுழைந்து கட்டளை ஓட்டுவது). இங்கே இரண்டு பொறிகள். /பூட் தனிப் பார்ட்டிஷன் என்றால் அதையும் மவுன்ட் செய்ய வேண்டும். மறந்தால் புதிய இனிட்ராம்எஃப்எஸ் ரூட்டுக்குள் இருக்கும் வெற்று பூட் அடைவில் போய் உட்காரும், கட்டளை வெற்றி என்று சொல்லும், பூட் மட்டும் மாறாது. இன்னொன்று, லைவ் யுஎஸ்பியில் உங்கள் ரெய்டு எம்டி127 என்ற பெயரில் எழும்பியிருக்கலாம். அந்த நிலையில் எம்டிஆட்ம் --டீடெயில் --ஸ்கேன் வெளியீட்டை அப்படியே அமைப்புக் கோப்பில் கொட்டினால் தவறான பெயரும் சேர்ந்து பதிந்துவிடும். அந்த வரியைக் கையால் திருத்துங்கள்.

அறிகுறி: எம்டி0 இல்லை, எம்டி127 வந்திருக்கிறது

இது பழுதே இல்லை. அமைப்புக் கோப்பில் அடையாளம் இல்லாத ரெய்டையும், சூப்பர்பிளாக்கில் பதிந்த ஹோஸ்ட் பெயர் இந்த எந்திரத்தோடு பொருந்தாத ரெய்டையும், அந்நியம் என்று கருதி எம்டிஆட்ம் 127இலிருந்து கீழ்நோக்கி எண் கொடுக்கும். அப்கிரேடின்போது பழைய அமைப்புக் கோப்புக்குப் பதில் புதியதை வைக்கலாம் என்று சம்மதித்திருந்தால் உங்கள் அரே வரிகள் (எந்த ரெய்டு என்று அடையாளம் சொல்பவை) அதோடு போயிருக்கும். அடைவில் ஓல்டு என்று முடியும் பிரதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எம்டிஆட்ம் --டீடெயில் --ஸ்கேன் தரும் வரியை /எட்க்/எம்டிஆட்ம்/எம்டிஆட்ம்.கான்ஃப் கோப்பில் சேர்த்து, அதே ரெய்டுக்கு இருந்த பழைய வரியை அழியுங்கள். பிறகு இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிப்பு கட்டாயம். பூட்டின்போது படிக்கப்படுவது டிஸ்க்கில் உள்ள அமைப்புக் கோப்பு அல்ல, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் அதன் நகல். கோப்பைத் திருத்தியும் எம்டி127 போகவில்லை என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எஃப்எஸ்டேப் கோப்பில் /டெவ்/எம்டி0 என்ற பெயருக்குப் பதில் யூயூஐடி எழுதிவிட்டால் எண் எதுவாக மாறினாலும் கவலை இல்லை. தரவு ரெய்டுக்கு நோஃபெயில் விருப்பமும் சேர்த்தால், அது எழும்பாத நாளில் சர்வராவது எழும்பும்.

அறிகுறி: "நாட் போசிக்ஸ் கம்பேட்டிபிள்" என்று எச்சரிக்கை

எம்டிஆட்ம் 4.3இலிருந்து பெயர்களுக்கு எழுத்துக் கட்டுப்பாடு வந்தது. அரே வரியில் நேம்= என்பதற்குப் பின் ஹோஸ்ட் பெயரும் முக்காற்புள்ளியும் இருந்தால் அதைப் புறக்கணித்து இப்படி முணுமுணுக்கும். யூயூஐடி இருப்பதால் ரெய்டு எழும்பிவிடும். நேம் பகுதியை வரியிலிருந்து நீக்கி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் சத்தம் அடங்கும்.

அறிகுறி: இன்ஆக்டிவ் என்கிறது, எல்லா டிஸ்க்குக்கும் பக்கத்தில் (எஸ்)

எஸ் என்றதும் ஸ்பேர் (உதிரி டிஸ்க்) ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். ரெய்டு இன்னும் ஓடத் தொடங்காததால் அப்படிக் காட்டுகிறது. கிடைத்த உறுப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதிக்குக் காத்திருக்கிறது, அல்லது ஓட மறுக்கிறது. ஏன் என்று டிமெசேஜ் சொல்லும்.

இப்போது எடுத்து வைத்த எக்ஸாமின் வெளியீடு வேலைக்கு வரும். ஈவென்ட்ஸ், அப்டேட் டைம் என்ற இரண்டு வரிகளை ஒவ்வொரு உறுப்புக்கும் ஒப்பிடுங்கள். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ஈவென்ட்ஸ் எண் ஏறும். கழன்றுபோன டிஸ்க்கின் எண் கழன்ற நாளிலேயே நின்றுவிடும். நான்கு டிஸ்க் கொண்ட ரெய்டு 5 (ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும் வகை) ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

எஸ்டிபி1: 48213
எஸ்டிசி1: 48213
எஸ்டிடி1: 48211
எஸ்டிஇ1: 41007

எஸ்டிஇ1 எப்போதோ கழன்றது. அதன் அப்டேட் டைம் மாதக்கணக்கில் பின்தங்கியிருக்கும். எஸ்டிடி1 இப்போது, ரீபூட்டின்போது, இரண்டு படி பின்தங்கியிருக்கிறது. ரெய்டு 5 ஓட மூன்று வேண்டும், ஒத்துப்போவது இரண்டுதான். அதனால் மறுக்கிறது. செய்ய வேண்டியது:

எம்டிஆட்ம் --ஸ்டாப் /டெவ்/எம்டி0

எம்டிஆட்ம் --அசெம்பிள் --ஃபோர்ஸ் /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1 /டெவ்/எஸ்டிடி1

எஸ்டிஇ1 இந்த வரியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபோர்ஸ் செய்வது பின்தங்கிய எண்ணை மற்றவற்றோடு சமமாக்கி, "இதுவும் புதியதுதான்" என்று ஏற்றுக்கொள்வது. இரண்டு படி வித்தியாசம் என்றால் இழப்பு ஒன்றுமே இராது, அல்லது கடைசி நொடியில் எழுதியது மட்டும் போகும். 7,000 படி பின்தங்கியதை அப்படி ஏற்க வைத்தால் பழைய தரவும் புதிய தரவும் ஒரே கோப்பு முறைமையில் கலந்துவிடும்.

எழும்பியதும் நேரே மவுன்ட் செய்து பயன்படுத்தத் தொடங்காதீர்கள். எஃப்எஸ்சிகே -என் எழுதாமல் சோதிக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என். பிறகு படிக்க மட்டும் மவுன்ட்: எக்ஸ்ட்4க்கு ஆர்ஓ, நோலோட், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ஆர்ஓ, நோரிகவரி. வெறும் ஆர்ஓ போட்டால் ஜர்னலை (எழுதி முடிக்காத மாற்றங்களின் குறிப்பேட்டை) ஓட்டும், அதாவது டிஸ்க்கில் எழுதும். முக்கியமானவற்றை நகலெடுத்த பிறகே அடுத்த டிஸ்க்கைச் சேருங்கள். ரீபில்டின்போது, அதாவது சேர்த்த டிஸ்க்கில் தரவைத் திரும்பக் கட்டும்போது, மூன்று டிஸ்க்கும் தலைமுதல் கால்வரை படிக்கப்படும். சோர்ந்த டிஸ்க் விழுவது அப்போதுதான்.

டிமெசேஜில் "கனாட் ஸ்டார்ட் டர்ட்டி டீகிரேடட் அரே" என்று இருந்தாலும் இதே ஃபோர்ஸ்தான் வழி. ரெய்டு முழுமை இல்லாதபோது பவர் போனதோ ரீசெட் அழுத்தியதோ காரணமாக இருக்கும். ஈவென்ட்ஸ் எல்லாம் சமம், ஒரு டிஸ்க் மட்டும் இல்லை என்றால் ஃபோர்ஸ் வேண்டாம். எம்டிஆட்ம் --ரன் /டெவ்/எம்டி0 போதும்.

"/டெவ்/எஸ்டிபி1 இஸ் பிசி" என்று அசெம்பிள் மறுத்தால், பாதியில் நிற்கும் ஓர் எம்டி127 அதைப் பிடித்திருக்கும். அதை ஸ்டாப் செய்யுங்கள். அது இல்லையென்றால் எல்எஸ்பிஎல்கே காட்டும்: மல்டிபாத் அல்லது பழைய ஃபேக் ரெய்டு (மதர்போர்டு வழி ரெய்டு) அடையாளத்தைப் பார்த்த டிஎம்ரெய்டு குறுக்கே வந்திருக்கலாம்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் [யூயூ_யூ]

அடிக்கோடு இருக்கும் இடத்தில் டிஸ்க் இல்லை. சேர்க்கும் முன் அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் அட்டவணையை (டிஸ்க் தன் நலம் பற்றித் தரும் எண்கள்) பாருங்கள். 5 (மாற்றியமைத்த செக்டர்), 197 (நிலுவை), 198 (சரிசெய்ய முடியாதது): இவை பூஜ்யம் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் அநேகமாக நல்லது. சாட்டா கேபிள்தான் கோளாறு.

டிஸ்க் நலம் என்றால் எம்டிஆட்ம் /டெவ்/எம்டி0 --ரீ-ஆட் /டெவ்/எஸ்டிஇ1. ரைட்-இன்டென்ட் பிட்மேப் இருந்தால் கழன்ற பிறகு மாறிய பகுதிகள் மட்டும் ஒத்திசையும், சில நிமிடத்தில் முடியலாம். பிட்மேப் இல்லாவிட்டால் --ஆட், முழு ரீபில்ட். 4 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றால் ஏழரை மணி நேரம்.

டிஸ்க் இன்னும் ரெய்டில் இருக்கிறது, ஆனால் நலிகிறது என்றால் அதை ஃபெயில் செய்துவிட்டு மாற்றாதீர்கள். புதியதை --ஆட் செய்து, பிறகு எம்டிஆட்ம் /டெவ்/எம்டி0 --ரீப்ளேஸ் /டெவ்/எஸ்டிடி1 --வித் /டெவ்/எஸ்டிஎஃப்1. நகலாகி முடியும்வரை பழையதும் வேலை செய்யும், பாதுகாப்பு ஒரு கணமும் குறையாது. புது டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுக்கும் எஸ்ஜிடிஸ்க் -ஆர் (பெரிய எழுத்து) கட்டளையில் எழுதப்படும் டிஸ்க் முதலில், மூல டிஸ்க் பின்னால். மாற்றிப் போட்டால் வெற்று அட்டவணை நல்ல டிஸ்க்கின் மேல் ஏறும். பிறகு புது டிஸ்க்கில் -ஜி (இதுவும் பெரிய எழுத்து), அடையாள எண்களைப் புதிதாக்க.

இதே டிஸ்க் திரும்பத் திரும்பக் கழன்றால், அது மேசைக்கணினி வகை டிஸ்க்கா என்று பாருங்கள். படிக்க முடியாத செக்டரில் அத்தகையவை ஒரு நிமிடத்துக்கும் மேல் போராடும். கர்னல் 30 நொடியில் பொறுமை இழந்து டிஸ்க்கை ரீசெட் செய்யும், ரெய்டு அதைக் கழற்றும். ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70 ஏற்கப்பட்டால் டிஸ்க் 7 நொடியில் பிழை சொல்லிவிடும். ஏற்காத டிஸ்க்குக்கு /சிஸ்/பிளாக்/எஸ்டிடி/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 180 எழுதுங்கள். முன்னது டிஸ்க்கின் பவர் அணைந்து எழும்போதும், பின்னது ரீபூட்டிலும் போய்விடும். பழைய அமைப்பில் இதற்கென யாரோ எழுதிய பூட் ஸ்கிரிப்ட் அப்கிரேடில் ஓடாமல் நின்றிருப்பதும் நடக்கும்.

அறிகுறி: ரெய்டு 0 மட்டும் எழும்ப மறுக்கிறது, "மல்டி-சோன்" என்கிறது

இது கர்னல் வேண்டுமென்றே போட்ட பூட்டு. வெவ்வேறு அளவு டிஸ்க்குகளால் ஆன ரெய்டு 0இல், சிறிய டிஸ்க் தீர்ந்த பிறகு வரும் பகுதியில் தரவை அடுக்கும் முறை 2014இல் வந்த 3.14 கர்னலில் தவறுதலாக மாறிவிட்டது. தெரியவந்த பின், 5.4 முதல் எந்த முறை என்று நீங்கள் சொன்னால்தான் ஏற்றும். 3.14க்கு முந்தைய கர்னலில் எழுதியது என்றால் ரெய்டு0.டிஃபால்ட்_லேஅவுட்=1, பிந்தையது என்றால் 2. முதலில் /சிஸ்/மாடியூல்/ரெய்டு0/பாராமீட்டர்ஸ்/டிஃபால்ட்_லேஅவுட் கோப்பில் எண்ணை எழுதி, அசெம்பிள் செய்து, படிக்க மட்டும் மவுன்ட் செய்து, பெரிய கோப்புகள் சிலவற்றைச் சோதியுங்கள். தவறான எண் கொடுத்தாலும் முதல் பகுதி சரியாகவே தெரியும், அதனால் மவுன்ட் ஆனதே சான்று ஆகாது. சரி என்று கண்ட பின் கிரப்பின் கர்னல் வரியில் சேருங்கள். எம்டிஆட்ம் 4.2 முதல், அசெம்பிள் செய்யும்போது --அப்டேட்=லேஅவுட்-ஒரிஜினல் அல்லது லேஅவுட்-ஆல்டர்னேட் கொடுத்துச் சூப்பர்பிளாக்கிலேயே பதிக்கவும் முடியும்.

லீனியர் வகை ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு: 6.8 கர்னலில் அந்த மாடியூல் நீக்கப்பட்டது, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட கர்னலில் மாட்டிக்கொண்டால் பழைய கர்னலில் பூட் செய்து தரவை எடுங்கள்.

அறிகுறி: டிஸ்க்குகளே தெரியவில்லை

பயாஸில் தெரிகிறது, எல்எஸ்பிஎல்கேயில் இல்லை என்றால் டிரைவர். ரெட் ஹேட் 8இல் பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றின் ஆதரவு நீக்கப்பட்டது. எஸ்ஏஎஸ்2008 சிப் கொண்ட எல்எஸ்ஐ கார்டுகளும் அதில் அடக்கம். 7இலிருந்து 8க்குப் போனவர்களுக்கு எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் மறைந்தது இதனால்தான். எல்எஸ்பிசிஐ -என்என் -கே காட்டும் கார்டு வரிக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" இல்லையென்றால் உறுதி. ஈஎல்ரெப்போ களஞ்சியம் அந்த டிரைவரைத் தனிப் பொதியாகத் தருகிறது. ரெய்டு கட்டளைகள் எதையும் இங்கே ஓட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: டிஸ்க் இருக்கிறது, சூப்பர்பிளாக் இல்லை

எக்ஸாமின் வெளியீட்டில் எம்பிஆர் மேஜிக் என்ற வரியும், டைப் இஇ என்ற ஒரு பார்ட்டிஷனும் மட்டும் வருகிறதா? பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையே ரெய்டில் சேர்த்தவர்களுக்கு வரும் விபத்து இது. பழைய ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணையின் காப்பு நகல் டிஸ்க்கின் கடைசியில் மிஞ்சியிருக்கும். அதைக் கண்ட மதர்போர்டு ஃபர்ம்வேரோ பார்ட்டிஷன் கருவியோ "முதல் நகல் கெட்டுவிட்டது" என்று எண்ணி டிஸ்க்கின் தொடக்கத்தில் திரும்ப எழுதிவிடும். 1.2 வகைச் சூப்பர்பிளாக் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட்டில் இருப்பதால் நேராக அடிபடும். தரவு அதற்கு வெகுதூரம் தள்ளித் தொடங்குவதால் பிழைத்திருக்கும்.

இங்கேதான் --கிரியேட் வருகிறது, இங்கே மட்டும்தான். ரெய்டை உருவாக்கிய பழைய எம்டிஆட்ம் எடுத்துக்கொண்ட இயல்பு மதிப்புகளும் அப்கிரேடில் வந்த புதியதின் மதிப்புகளும் வேறு. சங்க் முன்பு 64 கிலோபைட், பிறகு 512. டேட்டா ஆஃப்செட் பழையவற்றில் 2048 செக்டர், பிந்தையவற்றில் பல இடங்களில் 262144. மெட்டாடேட்டா 0.90 என்பது 1.2 ஆனது. அதே டிஸ்க், அதே வரிசை, அதே எண்ணிக்கை கொடுத்துக் கிரியேட் செய்தாலும் தரவு வேறு இடத்தில் தேடப்படும். அதற்குள் ரீசிங்க் தொடங்கிவிட்டால் பாரிட்டி (இழந்த தரவை மீட்க உதவும் கணக்குத் தரவு) எல்லாம் புதிதாக எழுதப்பட்டு, மீட்பும் போய்விடும்.

ஆகவே அசல் டிஸ்க்குகளில் செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் பிளாக்டெவ் --செட்ஆர்ஓ கொண்டு எழுத முடியாததாக்கி, வேறொரு டிஸ்க்கில் ட்ரன்கேட் -எஸ் 10ஜி கொண்டு வெற்றுக் கோப்பு உருவாக்கி, லூப் சாதனமாக்கி, டிஎம்செட்டப்பின் ஸ்னாப்ஷாட் வகையில் அசலின் மேல் போர்த்துங்கள். எழுதுவதெல்லாம் அந்தக் கோப்புக்குப் போகும், அசல் தொடப்படாது. அந்தப் போர்வைச் சாதனங்களில் கிரியேட்: --அசூம்-கிளீன், லெவல், டிஸ்க் எண்ணிக்கை, மெட்டாடேட்டா, சங்க், லேஅவுட், டேட்டா-ஆஃப்செட் ஏழும் வெளிப்படையாக, டிஸ்க்குகள் பழைய வரிசையில், இல்லாத டிஸ்க்குக்கு மிஸ்ஸிங் என்ற சொல். எக்ஸாமின் ஆஃப்செட்டைச் செக்டரில் காட்டும், கிரியேட் கிலோபைட்டில் கேட்கும். 262144 செக்டர் என்பது 131072. இந்த இரண்டால் வகுத்தலை மறப்பது வழக்கமான பிழை. எஃப்எஸ்சிகே -என் சுத்தமாக ஓடும்வரை போர்வையைக் கழற்றி மீண்டும் மீண்டும் முயலலாம்.

அறிகுறி: கிரப்பிலேயே நிற்கிறது

"சிம்பல் கிரப்_காலாக் நாட் ஃபவுண்ட்" என்பது 2020இல் பலர் பார்த்தது. கிரப்பின் மாடியூல்கள் /பூட்டில் புதிதாகி, டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள துண்டு பழையதாகவே இருந்தால் வரும். ரெய்டு 1இல் (ஒரே தரவை ஒவ்வொரு டிஸ்க்கிலும் வைக்கும் வகை) கிரப் ஒரு டிஸ்க்கில் மட்டும் நிறுவப்பட்டு, பயாஸ் இன்னொன்றிலிருந்து பூட் செய்தால் இப்படி ஆகும். டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி ஓட்டி, பூட் ஆகக்கூடிய எல்லா டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள், பார்ட்டிஷன்களை அல்ல.

அறிகுறி: அப்கிரேடுக்குப் பின் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது

எம்டிஸ்டாட்டில் உள்ள சொல்லைப் படியுங்கள். ரிகவரி என்றால் ரீபில்ட். ரீசிங்க் என்றால் ஒழுங்காக நிறுத்தப்படாததன் பின்விளைவு. செக் என்றால் மாதாந்தரச் சோதனை. டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு தொடங்கும், அப்கிரேடு அந்த வார இறுதியில் விழுந்தது தற்செயல். ரீசிங்க்=பென்டிங், ஆட்டோ-ரீட்-ஒன்லி இரண்டும் சேர்ந்து வந்தால் ரெய்டில் முதன்முறை ஏதாவது எழுதப்படுவதற்காகக் காத்திருக்கிறது, எம்டிஆட்ம் --ரீட்ரைட் போதும். செக் முடிந்து மிஸ்மேட்ச்_சிஎன்டி பூஜ்யம் இல்லாமல் இருந்தாலும், ஸ்வாப் இருக்கும் ரெய்டு 1இல் அது தவறாக இருக்க வேண்டியதில்லை. ரெய்டு 5, 6இல் என்றால் ரேமைச் சோதியுங்கள்.

எல்லாம் எழும்பியபின் எம்டிஆட்ம் --மானிட்டர் --ஸ்கேன் --டெஸ்ட் --ஒன்ஷாட் ஒருமுறை அடித்து, அஞ்சல் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். எஸ்டிஇ1 மாதக்கணக்கில் கழன்று கிடந்தது யாருக்கும் தெரியாமல் போனது அந்த அஞ்சல் எங்கும் போய்ச் சேராததால்தான்.